பாடத்துக்கு வெளியே கற்றதற்கும் பதிவு வேண்டும்: மதுரையில் எம்.பி.பி.எஸ். சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கசப்பான உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் முதுநிலை மருத்துவ இடம் பெரும்பாலும் நீட் பி.ஜி. தேர்வு மதிப்பெண்ணை வைத்தே கிடைக்கிறது. மூன்று ஆண்டுகள் பாம்புக்கடி நோயாளிகளின் கட்டிலருகே இரவெல்லாம் நின்று கற்றிருந்தாலும் சரி, நெல்வயல் கொசுக்களைப் பற்றி அருமையான ஆய்வு ஒன்றை முடித்திருந்தாலும் சரி, கலந்தாய்வில் அதற்காக அரை மதிப்பெண்கூட ஏறாது. 'கூடுதல் சான்றிதழ் இருந்தால் பி.ஜி. எளிதாகக் கிடைக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியிருந்தும் முதலாண்டு மாணவர்கள் எல்லோரிடமும் பாடத்துக்கு வெளியே ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துகிறேன். எந்தப் பிரிவில் காலமெல்லாம் வேலை செய்யப்போகிறோம் என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. நீங்களாகத் தேடிப்போய்ச் செய்த வேலைதான் சொல்லும். ஆய்வு உதவித்தொகை, பெரிய மருத்துவமனைகளில் பார்வையாளராகப் பயிலும் வாய்ப்பு, பின்னாளில் ஃபெல்லோஷிப், வெளிநாட்டுப் பயிற்சி ஆகிய இடங்களில் முதலில் கேட்கப்படுவது அந்த வேலைதான். அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் முதுநிலைப் பயிற்சிக்கான பொது விண்ணப்பத்தில் பத்து அனுபவங்கள் வரை எழுத இடம் உண்டு. அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, அவை ஏன் முக்கியம் என்று விளக்கவும் வேண்டும். ஐந்தரை ஆண்டு முடித்துவிட்டு அந்தக் கட்டங்களின் முன்னால் உட்கார்ந்து யோசிக்கும் பிள்ளைகள் பலர். அவர்கள் எதுவுமே செய்யாதவர்கள் அல்லர். செய்ததற்குத் தேதி இல்லை, கையெழுத்து இல்லை, பார்த்தவர் யார் என்பதும் நினைவில் இல்லை.

இந்தக் கட்டுரை அதற்காகத்தான். எதைக் கற்பது என்பது உங்கள் விருப்பம். கற்றதை, கற்ற அன்றே, பார்த்தவரின் கையெழுத்தோடு பதிவாக்குவது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து வேண்டாம், ஒன்று போதும். முதலாண்டிலேயே முடிவு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. வார்டில் கண்ட எந்தக் கேள்வி விடுதி வரைக்கும் உங்களோடு வருகிறது என்று கவனியுங்கள். அதுதான் உங்கள் துறை.

மதுரையில் படிப்பவர்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும், ஊரார் பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் அரசு ராஜாஜி மருத்துவமனையும் தென்மாவட்டங்களின் நோயாளிகளையெல்லாம் தம்மிடம் வரவழைக்கின்றன. தனியார் கல்லூரியில் படித்தாலும் இந்த ஊரின் நோய்களும் மனிதர்களும் உங்களுக்கும் பொதுதான்.

கண் மருத்துவத்தில் நாட்டம் என்றால் அண்ணா நகர் பக்கம் போனாலே போதும். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, ஓய்வுக்குப் பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண்புரை அறுவையைப் பழகி எடுத்தவர் அவர். அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார். முகாமுக்கு ஆள் திரட்டுவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, அறுவைக்குத் தேர்ந்தெடுத்தவர்களை அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது ஆகிய எதுவும் எம்.பி.பி.எஸ். பாடத்தில் இல்லை. ஆனால் இந்த நகரத்தின் கண் மருத்துவம் உலகப் பெயர் பெற்றது அந்த வேலைகளால்தான்.

நுரையீரலில் நாட்டம் இருந்தால் தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. சமூக மருத்துவம் பிடித்தவர்களுக்கு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்களோடு ஒரு நாள் வீடு வீடாக நடந்தாலே ஆண்டு முழுவதற்குமான கேள்விகள் கிடைக்கும். பூச்சியியல் பிடிக்கும் என்றால், ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுக்கள் தேங்கிய நெல்வயல் நீரில் பெருகுபவை. மேலூர்ப் பக்கம் பாசன வயல்களுக்குக் குறைவில்லை, சின்ன சொக்கிகுளத்தில் ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சியியல் ஆய்வு நிலையமும் உண்டு. எலும்புகளில் மனம் போகிறவர்கள் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையை மறந்துவிட வேண்டாம். அங்கே பழங்கால ஈமத்தாழிகளில் கிடைத்த எலும்புகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர்கள் கைக்குப் போயின. தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நாட்களில் மாட்டுக்கொம்புக் காயங்களைக் காண்பவர்களுக்கு அவசர அறுவை மருத்துவத்தில் ஈடுபாடு வருவதும் இயல்பு.

பாம்புக்கடியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு சின்னக் கேள்வி எப்படி ஒரு துறையாக வளர்கிறது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. கடிபட்டவரிடமிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் நீராக ஓடினால் விரியன் வகை நஞ்சு உறைதலைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். ஆய்வகமே இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் அந்தக் குழாய் சோப்புத்தூளால் கழுவப்பட்டதாக இருந்தாலோ பிளாஸ்டிக்காக இருந்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் நின்று நம்மை ஏமாற்றிவிடும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்த மாணவருக்கு அடுத்தடுத்துக் கேள்விகள் பிறக்கும். நம்மைச் சுற்றியுள்ள சுகாதார நிலையங்களில் எத்தனை இடத்தில் புதிய கண்ணாடிக் குழாய் இருக்கிறது? 20 நிமிடத்தை யார், எந்தக் கடிகாரத்தில் பார்க்கிறார்கள்? 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியதே, பதிவேடுகளில் அது எப்படி ஏறுகிறது? இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு மாணவர் இரண்டு மாதத்தில் முடிக்கக்கூடிய ஆய்வு.

விவசாயக் குடும்பத்திலிருந்தோ அரசுப் பள்ளியிலிருந்தோ வந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல். பூச்சிமருந்து எந்த டப்பாவில் வீட்டுக்குள் வருகிறது, எந்த நேரத்தில் வரப்பில் பாம்பு நடமாடும், பாட்டி ஏன் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வகுப்பில் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவருக்குத் தெரியாத பாடம் அது. உங்கள் சிறப்புத் துறையை அங்கிருந்தே தொடங்கலாம்.

இரண்டாம் படி: வழிகாட்டியைப் பிடியுங்கள்

துறைத் தலைவரிடம் நேராகப் போவதைவிட உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் போவது நல்லது. உங்களோடு உட்கார அவருக்கு நேரம் இருக்கும். பதிவேட்டில் வாரந்தோறும் கையெழுத்திடப் போகிறவரும் அவர்தான். யார் மாணவர்களோடு பொறுமையாக வேலை செய்வார் என்பதை இரண்டாண்டு மூத்த அண்ணன், அக்காக்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஓ.பி. நேரத்தில் போய் நிற்காதீர்கள். மதியம் துறை அலுவலகத்தில் கூட்டம் குறைந்திருக்கும்போது போங்கள். 'சார், எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம்' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படிப் பேசிப் பாருங்கள்:

'சார், நான் இரண்டாமாண்டு. போன வாரம் உங்கள் வார்டில் பாம்புக்கடி நோயாளிக்கு 20 நிமிட ரத்தச் சோதனை செய்ததைப் பார்த்தேன். வியாழக்கிழமை மாலைகளில் வந்து கவனித்து எழுதிக்கொள்ளலாமா? எழுதியதை நீங்கள் பார்த்துத் திருத்த வேண்டும்.'

'வாருங்கள். ஆனால் தேர்வுக்கு முந்தைய மாதம் வரக்கூடாது.'

'சரிங்க சார்.'

எந்த நாள், எவ்வளவு நேரம், அவர் என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றும் அந்தச் சின்னப் பேச்சில் வந்துவிட்டன. மறுக்கிறவர்களும் இருப்பார்கள். பெரும்பாலும் பணிச்சுமைதான் காரணம். மனம் தளராமல் அடுத்தவரிடம் போங்கள்.

மூன்றாம் படி: அன்றன்றே எழுதுங்கள்

இந்தப் படியில்தான் எல்லாமே இருக்கிறது. கட்டு போட்ட நீளநோட்டு ஒன்றை வாங்கிப் பக்க எண் இட்டுக்கொள்ளுங்கள். தனித்தாள் வேண்டாம், கைப்பேசிக் குறிப்பு மட்டும் போதும் என்றும் இருக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் தேதி, இடம், நேரம், செய்தது என்ன, கற்றது என்ன, புரியாதது என்ன, உடனிருந்தவர் யார் என்று எழுதுங்கள். செய்ததையும் பார்த்ததையும் பிரித்து எழுத வேண்டும். 'உடனிருந்து பார்த்தேன்', 'மேற்பார்வையில் செய்தேன்', 'தனியாகச் செய்தேன்' என்ற மூன்றில் எது என்பதை ஒவ்வொரு வரியிலும் குறியுங்கள். பின்னாளில் நேர்காணலில் இந்த வேறுபாட்டைத்தான் துருவிக் கேட்பார்கள்.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்றால்:

'வியாழன், மாலை 5 முதல் 7.30 வரை, மருத்துவ வார்டு. நடுத்தர வயது ஆண், விவசாயி, வலது கணுக்காலில் கடி, இரண்டு மணி நேரத்துக்குப் பின் வருகை. 20 நிமிட ரத்தச் சோதனையை டூட்டி டாக்டர் செய்தார், நான் நேரம் பார்த்தேன்: உறையவில்லை. நஞ்சுமுறி மருந்து தொடங்கியதை உடனிருந்து பார்த்தேன். புரியாதது: ஆறு மணி நேரம் கழித்துத்தான் மறுசோதனை என்கிறார்கள், ஏன் ஆறு?'

நோயாளியின் பெயர், ஊர், உள்நோயாளி எண் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். அதற்கான விடையைத் தேடி அடுத்த வாரப் பதிவில் எழுதும் மாணவரைக் கையெழுத்திடும் ஆசிரியர் ஒருநாளும் மறக்கமாட்டார். (உறைதலுக்கான புரதங்களை ஈரல் மீண்டும் உற்பத்தி செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான் விடை.)

கையெழுத்தை அந்த வாரத்துக்குள் வாங்கிவிடுங்கள். ஆறு மாதப் பதிவை மொத்தமாக நீட்டினால் மனச்சாட்சியுள்ள ஆசிரியர் கையெழுத்திடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு இடுகிறவரின் கையெழுத்துக்கோ மதிப்பில்லை.

இங்கேயே உங்கள் பெயரையும் சரிசெய்துகொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் தலைப்பெழுத்து படுத்தும் பாடு பெரிது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக, கருத்தரங்கச் சான்றிதழில் தலைப்பெழுத்தே இல்லை என்று நான்கு விதமாக இருந்தால், நான்கும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிப்பது உங்கள் வேலையாகிவிடும். பல்கலைக்கழகப் பதிவில் உள்ள வடிவத்தையே எங்கும் எழுதிக் கொடுங்கள். ஆய்வுக்கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால் ஆர்கிட் எனப்படும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணை இணையத்தில் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். பெயர் எப்படி அச்சானாலும் அந்த எண் உங்களை விட்டுப் போகாது.

நான்காம் படி: இருக்கிற வாசல்களைப் பயன்படுத்துங்கள்

பாடத்திட்டத்துக்குள்ளேயே உங்கள் ஆர்வத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பலருக்கு அது தெரிவதில்லை. 2019இல் சேர்ந்த அணியிலிருந்து திறன் சார்ந்த பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் விருப்பப் பயிற்சிக் காலம் உண்டு. எல்லோரும் எலெக்டிவ் என்றே சொல்வார்கள். மூன்றாம் கட்டத் தேர்வின் முதல் பகுதி முடிந்தபின் இரண்டு பிரிவாக வரும். தொடக்கத்தில் பிரிவுக்கு நான்கு வாரம் இருந்தது, 2023 விதிகளில் 15 நாளாகச் சுருங்கியது. 75 விழுக்காடு வருகையும் பதிவேட்டை ஒப்படைப்பதும் கட்டாயம். எந்தத் துறையில் எத்தனை பேர், யார் மேற்பார்வை என்பதைக் கல்லூரியே முன்கூட்டிப் பட்டியலிடும். பட்டியல் ஒட்டப்படும் நாளில் போய் 'எனக்கு இது வேண்டும்' என்று கேட்பவரைவிட, இரண்டாண்டுப் பதிவேட்டை முன்கூட்டியே காட்டி வைத்தவருக்கு விரும்பிய இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். 15 நாளில் புதிதாக ஒன்றைத் தொடங்க முடியாது. ஏற்கனவே தொடங்கியதை முடிக்கலாம்.

அடுத்தது ஐ.சி.எம்.ஆர். வழங்கும் குறுகியகால மாணவர் ஆய்வுத் திட்டம். எஸ்.டி.எஸ். என்றால் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். 1979 முதல் நடக்கிறது. இரண்டு மாத ஆய்வு. உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் வழிகாட்ட வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே உதவித்தொகையும் சான்றிதழும். அறிவிப்பு வந்தபின் தலைப்புத் தேடினால் காலம் போதாது. மேலே சொன்ன மூன்று பாம்புக்கடிக் கேள்விகளைப்போல உங்கள் நோட்டிலேயே நான்கைந்து கேள்விகள் இருந்தால் ஒரு வாரத்தில் முன்மொழிவு எழுதிவிடலாம். நெறிமுறைக் குழு மாதக்கணக்கில் கூடாமலும் இருக்கும். அந்தத் தேதியை முதலில் விசாரியுங்கள்.

குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் முதலாண்டிலிருந்தே கிராமத்துக்குப் போகிறீர்கள். படிவத்தை நிரப்பிவிட்டு பஸ் ஏறாமல், உங்கள் ஆர்வத்தின் கேள்வியை அந்த வீட்டுத் திண்ணையில் கேட்டுப் பாருங்கள். ஆய்வு முறையை அடிப்படையிலிருந்து கற்கச் சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்னும் இணையக் கல்வித் தளம் வழியாக நடத்தும் இணையப் படிப்பு நல்லது. பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். துறைகள் நடத்தும் பரிசுத் தேர்வுகளையும் விட்டுவிடாதீர்கள். அறக்கட்டளைப் பதக்கங்கள் பல கல்லூரிகளில் போட்டியாளர் இல்லாமலேயே கிடக்கின்றன.

ஓவியம், நாடகம், ஹாக்கி ஆகியவற்றுக்கும் இதே நோட்டு முறைதான். உடற்கூறியல் படங்களை அழகாக வரைபவர் நோயாளிகளுக்கான தமிழ் விளக்கப்படங்களைத் துறைக்கு வரைந்து தரலாம். சுவரில் ஒட்டப்படும் படத்தின் மூலையில் பெயரும் ஆண்டும் இருக்கட்டும்.

எச்சரிக்கை

பணம் கட்டினால் சான்றிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் 'சர்வதேச மாநாடு' அழைப்புகளை ஒதுக்குங்கள். அரை மணி நேர இணைய உரைக்குக் கிடைக்கும் முப்பது சான்றிதழ்களைவிட ஒரு உதவிப் பேராசிரியரின் ஒரு பக்கக் கடிதம் எடை மிகுந்தது. மூன்று நாளில் அச்சிடுகிறோம் என்று கட்டணம் கேட்கும் ஆய்விதழ்களில் எழுதினால் உங்கள் பெயர் பின்னாளில் தலைகுனியும். வேலை செய்யாத கட்டுரையில் பெயர் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும், நண்பன் பெயரைச் சேர்ப்பதும் தவறு.

நோயாளியின் புகைப்படம் எந்த நிலையிலும் சமூக ஊடகத்துக்குப் போகக்கூடாது. முகத்தை மறைத்தாலும் கூடாது. நம் ஊரில் கையில் குத்திய பச்சையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆய்வுக்காகப் படம் தேவை என்றால் தமிழில் விளக்கி, எழுத்தில் இசைவு வாங்கி, வழிகாட்டியிடம் ஒப்படையுங்கள். கற்கும் ஆர்வத்தில் மேற்பார்வை இல்லாமல் ஊசி போடவோ தையல் போடவோ முனையாதீர்கள். நள்ளிரவில் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) அழைத்தாலும் பொறுப்பு மருத்துவர் அருகில் இருக்க வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம்

மாணவர் கேட்கும் கடிதத்தில் 'ஆர்வமுள்ளவர், ஒழுக்கமானவர்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எல்லாக் கடிதத்திலும் அதுதான் இருக்கிறது. 'இவர் இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை வியாழன்தோறும் என் வார்டுக்கு வந்தார். பாம்புக்கடி நோயாளிகள் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவு செய்தார். அதன் பேரில் வார்டில் கண்ணாடிக் குழாய்கள் தனிப்பெட்டியில் வைக்கப்பட்டன' என்று எழுதுங்கள். மூன்று வரிதான். படிப்பவருக்கு அந்த மாணவர் கண்முன் வந்து நிற்பார். துறைக் கூட்டத்தில் மாதம் ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் கொடுத்துப் பேசவைக்கலாம். செலவில்லாத அங்கீகாரம் அது. நிகழ்ச்சி நிரலில் பெயர் அச்சாவதே பதிவுதான்.

கடைசிப் படி: கல்லூரியை விட்டுக் கிளம்புமுன்

அரசுக் கல்லூரி ஆசிரியர்கள் பணிமாறுதலில் போய்விடுவார்கள். இன்று உங்களுக்கு வழிகாட்டியவர் ஹவுஸ் சர்ஜன் காலம் முடிவதற்குள் வேறு மாவட்டத்தில் இருக்கலாம். ஆகவே அந்தந்த வேலை முடிந்ததுமே கடிதம் வாங்குங்கள். ஐந்தாம் ஆண்டுக்கு ஒத்திப்போடாதீர்கள். கடிதத்தில் தேதி, பதவிப்பெயர், துறை முத்திரை ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று வாங்கிய இடத்திலேயே பாருங்கள். முத்திரை துறை எழுத்தரிடம் இருக்கும். அவர் உணவு இடைவேளைக்குப் போவதற்கு முன்னால் போய்விடுங்கள். துறைத் தலைவரின் மேலொப்பம் இருந்தால் ஆசிரியர் மாறிப்போன பின்னும் கல்லூரி அந்தக் கடிதத்தை உறுதிப்படுத்தித் தரும். அசலை பிளாஸ்டிக் உறையில் வீட்டில் வையுங்கள், நகலை நோட்டில் ஒட்டுங்கள், ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். வழிகாட்டியின் தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியையும் அவர் அனுமதியோடு குறித்துக்கொள்ளுங்கள். வெளியூர் நிறுவனங்கள் கடிதத்தைச் சரிபார்க்க எழுதும்போது பழைய துறை முகவரிக்குப் போன அஞ்சல் அவர் கைக்கு வந்துசேராது.